பச்சை முட்கொடி

ஒரு பொருளைப் பயன்கொள்ள விரும்புவோர் முதற்கண் அப்பொருளை ஐயமற அறிதல் வேண்டும். அறியாதார் கையில் மருந்தும் நஞ்சாகும். அறிந்தார் கையில் முட்புதரும் உணவாகும். பெயரைக் கேட்ட அளவிலோ, தோற்றத்தைக் கண்ட அளவிலோ ஒரு செடியை அறிந்துவிட்டோம் என்று எண்ணுதல் பிழை. இவ்வுண்மையை விளக்குதற்கு ஏற்றதொரு காட்டுக்கொடியைப் பற்றி இப்பாடத்தில் காண்போம்.

வட அமெரிக்காவின் கீழைப் பகுதியில் பரந்த காடுகள் உள்ளன. அக்காடுகளின் ஓரங்களிலும், மரங்களை வெட்டி வெளியாக்கிய நிலங்களிலும், ஓடைக்கரைகளிலும், பாழடைந்த பழைய வேலிகளின் மேலும் ஒரு முட்கொடி அடர்ந்து படர்ந்திருக்கும். வடக்கே கனடா நாட்டின் நோவாஸ்கோஷியாவில் தொடங்கித் தெற்கே புளோரிடா வரையிலும், மேற்கே டெக்சஸ் வரையிலும் இதனைக் காணலாம். அந்நாட்டார் இதனைக் 'கிரீன்பிரையர்' என்று அழைப்பர். பச்சை முட்கொடி என்பது அச்சொல்லின் பொருள். பெயருக்கேற்ப இதன் தண்டு பசுமை நிறமுடையது. குளிர்காலத்தில் இலைகள் உதிர்ந்த பின்னரும் தண்டின் பசுமை மாறுவதில்லை.

இக்கொடி செறிந்து வளர்ந்த இடத்தில் மனிதர் நுழைதல் அரிது. வேட்டைக்குச் செல்வோரின் ஆடையை இது கிழிக்கும். நிலத்தைத் திருத்தும் உழவரின் கைகளைக் குருதி வரக் கீறும். ஆகவே மக்கள் இதனை வெறுத்து, 'சற்றே நில்' என்னும் பொருள்படும் நகைப்பெயரும் இட்டனர். நம் நாட்டுச் சூரையும் ஈங்கையும் வழிப்போக்கரின் ஆடையைப் பற்றி நிறுத்துவதை அறிந்தவர்க்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். ஆயினும் இம்முட்கொடியே அந்நாட்டுத் தொல்குடி மக்களுக்கு மாவும் கூழும் அளித்தது. இதன் உறவுக்கொடிகள் கடல் கடந்து சென்று பல நாட்டு மருத்துவ நூல்களில் இடம்பெற்றன. நம் தமிழ் மருத்துவமும் அவற்றுள் ஒன்றை ஏற்றுக்கொண்டுள்ளது.

தாவர நூலார் இக்கொடியை 'ஸ்மைலாக்ஸ்' என்னும் பேரினத்துள் அடக்குவர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இப்பேரினத்தை முறைப்படப் பதிவு செய்தார். இதனுள் 250க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அவை வெப்ப நாடுகளிலும் மிதமான தட்பவெப்பமுடைய நாடுகளிலும் பரவியுள்ளன. சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் வளரும் 'ஸ்மைலாக்ஸ் சைனா' என்னும் கொடியின் கிழங்கே நம் நாட்டு மருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை என்னும் பெயரால் விற்கப்படுவது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் 'ஸ்மைலாக்ஸ் ஜெய்லானிகா' என்னும் மற்றோர் இனம் வளர்கின்றது. அதனை மலைத்தாமரை என்று வழங்குவாரும் உளர். ஆதலின் இக்கொடி நமக்கு முற்றிலும் அயலானது அன்று.

இனி, இதனை இனங்கண்டு கொள்ளும் முறையைக் காண்போம். காட்டில் முட்கொடிகள் பல. பச்சைத் தண்டுடைய கொடிகளும் பல. ஆதலின் ஓர் அடையாளத்தை மட்டும் கண்டு துணிதல் கூடாது. நான்கு அடையாளங்களையும் ஒருங்கே காணுதல் வேண்டும்.

முதலாவது அடையாளம் பற்றுக்கம்பி. கொடிகள் கொழுகொம்பைப் பற்றும் வகை பலவாகும். அவரைக்கொடி தன் தண்டினாலேயே கொம்பைச் சுற்றி ஏறும். பாகற்கொடி பற்றுக்கம்பியால் பற்றி ஏறும். பச்சை முட்கொடியோ, ஒவ்வோர் இலைக்காம்பின் அடிப்பகுதியிலிருந்தும் இரண்டு பற்றுக்கம்பிகளை இணையாக விடுக்கும். காம்பின் இருபுறத்தும் ஒன்றற்கு ஒன்று எதிராக நிற்கும் இவ்விணை, இக்குடும்பத்திற்கே உரிய சிறப்பியல்பு. மற்ற அடையாளங்கள் ஐயத்திற்கு இடந்தரினும், இவ்விணைக் கம்பிகள் பெரும்பாலும் ஐயத்தை நீக்கிவிடும்.

இரண்டாவது அடையாளம் இலை நரம்பு. இலையின் அடியிலிருந்து மூன்று முதல் ஏழு வரையிலான பெருநரம்புகள் புறப்பட்டு, வில்போல வளைந்து, நுனியை நோக்கிச் செல்லும். அவற்றின் இடையே சிறு நரம்புகள் வலைபோலப் பின்னியிருக்கும். இங்கு ஒரு நுட்பம் அறியத்தக்கது. தொல்காப்பியனார் தம் நூலின் மரபியலில், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுத்தார். பனையும் தெங்கும் மூங்கிலும் வானளாவ உயர்ந்தும் புல்லினமாகவே கொள்ளப்பட்டன. இக்காலத் தாவர நூலார் ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று வகுப்பது இப்பகுப்போடு பெரும்பாலும் ஒத்துச் செல்கின்றது. ஒருவித்திலைத் தாவரங்களின் இலை நரம்புகள் பொதுவாக ஒன்றோடொன்று இணையாக ஓடும். பச்சை முட்கொடியும் ஒருவித்திலைத் தாவரமே. ஆயினும் அதன் இலையில் இருவித்திலைத் தாவரங்களுக்கு உரிய வலைப்பின்னல் காணப்படுகின்றது. பொதுவிதியை மட்டும் கற்று, இவ்விதிவிலக்கை அறியாதவர் இக்கொடியை வேறு குடும்பத்தில் வைத்து மயங்குவர்.

மூன்றாவது அடையாளம் முள். வட்ட இலையுடைய பொதுவான பச்சை முட்கொடியின் தண்டில் உறுதியான முட்கள் ஆங்காங்கே நிற்கும். இளந்தண்டு பல வேளைகளில் நான்கு விளிம்புகளுடன் சதுரமாகக் காணப்படும். எனினும் முள்ளை மட்டும் நம்புதல் தவறு. இப்பேரினத்தில் முள்ளே இல்லாத இனங்களும் உள்ளன. ஓரினத்தின் அடித்தண்டில் முள் மிகுந்தும் மேல்தண்டில் குறைந்தும் இருத்தல் உண்டு.

நான்காவது அடையாளம் பூவும் கனியும். பூக்கள் சிறியன, பசுமை கலந்த மஞ்சள் நிறத்தன, குடைபோன்ற கொத்தாகப் பூப்பன. நம் பனையில் ஆண்பனை வேறு, பெண்பனை வேறாக இருத்தல் போல, இதிலும் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பெண்கொடியில் மட்டுமே கனிகள் உண்டாகும். அவை சிறு மணிகள் போன்று திரண்டு, முதிர்ந்தபின் கருநீலமாகி, மேலே வெண்சாம்பல் படிந்தாற்போலத் தோன்றும். சில இனங்களில் கனி சிவப்பாகவும் இருக்கும். ஒரு கனியுள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று விதைகள் உண்டு.

இவ்வடையாளங்கள் பேரினம் முழுமைக்கும் பொதுவானவை. இனந்தோறும் சிற்சில வேறுபாடுகள் அமையும். ஓரினத்தின் இலை வட்டமாகவோ இதய வடிவாகவோ இருக்கும். மற்றோரினத்தின் இலையடி வெண்ணீறு பூசியது போல வெளுத்திருக்கும். இன்னொன்றின் இலை நடுவில் ஒடுங்கி, வெளிர்புள்ளிகள் பெற்றிருக்கும். சதுப்பு நிலத்தில் வளரும் ஓரினம் ஆண்டு முழுவதும் இலையுதிராது நிற்கும். முள்ளற்ற ஓரினம் பூக்கும் காலத்தில் அழுகிய ஊனின் நாற்றம் வீசும். ஊனை நாடும் ஈக்கள் அந்நாற்றத்தால் ஈர்க்கப்பட்டு வந்து மகரந்தத்தைக் கொண்டு செல்லும். நமக்கு வெறுப்பைத் தரும் நாற்றம் அக்கொடியின் இனம் பெருகுதற்குக் கருவியாகின்றது.

இத்துணை நுட்பமாக அடையாளங்களைக் காண்பதன் பயன் யாது என்று மாணவர் சிலர் வினவலாம். அதற்கு விடையாகப் 'பிறைவித்துக் கொடி' என்று பொருள்படும் பெயருடைய மற்றொரு கொடியைக் காட்டலாம். அதுவும் அதே காடுகளில் வளர்வது. அதன் கனிகளும் கருநீலக் கொத்துகளாகத் தொங்குவன. காட்டுத் திராட்சை என்றோ முட்கொடியின் கனி என்றோ மயங்கி அதனை உண்பவர் உயிருக்கு இடர் நேரும். அந்நஞ்சுக் கொடிக்கு முள் இல்லை, பற்றுக்கம்பியும் இல்லை, தண்டினாலேயே அது சுற்றி ஏறும். அதன் கனியைப் பிளந்தால் பிறைநிலா வடிவில் ஒற்றை விதை காணப்படும். பற்றுக்கம்பி உண்டா இல்லையா என்று நோக்கும் ஒரு நொடிப் பார்வையே இங்கு உயிரைக் காப்பதாகும்.

நம் நாட்டிலும் இத்தகைய மயக்கத்திற்கு இடமுண்டு. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளை அனைவரும் அறிவர். அதுவும் பற்றியேறும் கொடி. நிலத்தின் கீழ்க் கிழங்குடையது. தாவர நூலார் வகுப்பின்படி முட்கொடி அடங்கிய வரிசையையே சார்ந்தது. ஆயின் அதன் கிழங்கு கோல்சிசின் என்னும் கொடிய நஞ்சு நிறைந்தது. செங்காந்தளின் இலை நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகின்றது. முட்கொடியின் பற்றுக்கம்பிகளோ இலைக்காம்பின் அடியில் இணையாக எழுகின்றன. கம்பி எங்கிருந்து தோன்றுகின்றது என்பதனைக் கண்டறிந்தவர் இவ்விரண்டையும் ஒருபோதும் மயங்கார்.

இனி, இக்கொடியின் பயன்களைக் கூறுவோம். இளவேனிலில் இதன் கொடிநுனிகள் விரைந்து வளரும். அப்பொழுது அவை மென்மையாக இருக்கும். முட்களும் வன்மை பெறாது நெகிழ்ந்திருக்கும். கையால் வளைத்த அளவில் ஒடியும் பகுதியை மட்டும் கொய்து, பச்சையாகவோ வேகவைத்தோ உண்பர். நம் தண்ணீர்விட்டான் கொடிக்கு உறவாகிய அசுபாரகசு என்னும் செடியின் இளந்தண்டை மேனாட்டார் விரும்பி உண்பர். முட்கொடியின் கொழுந்தும் அதனை ஒத்த சுவையுடையது என்பர். வளைத்தும் ஒடியாத தண்டு முற்றியது. அது நாராகி உணவுக்கு உதவாது.

கிழங்கின் பயன் இதனினும் பெரிது. பிலடெல்பியாவைச் சார்ந்த வில்லியம் பார்ட்ரம் என்னும் இயற்கை நூலறிஞர், 1773 முதல் 1777 வரை அமெரிக்காவின் தென்கீழைப் பகுதிகளில் பயணம் செய்தார். 1791இல் வெளிவந்த தம் பயண நூலில், அங்கு வாழ்ந்த தொல்குடியினர் முட்கொடிக் கிழங்கிலிருந்து மாவெடுத்த முறையை அவர் விளக்கியுள்ளார். கிழங்கைத் துண்டுகளாக வெட்டி, மர உரலில் இட்டு இடிப்பர். இடித்ததை நீரில் கலக்கிக் கூடைகளில் வடிகட்டுவர். வடிந்த நீரைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் மாவு அடியில் படியும். மேல்நீரை வடித்துவிட்டு, படிந்ததை உலர்த்தினால் செந்நிறமான மென்மாவு கிடைக்கும். அம்மாவைத் தேனோடு வெந்நீரில் கரைத்து ஆறவைத்தால் பாகுபோல் உறைந்து இனிய உணவாகும். சோளமாவோடு பிசைந்து கொழுப்பில் பொரித்துப் பணியாரம் போலவும் உண்பர்.

நம் நாட்டில் கூவைக் கிழங்கிலிருந்து மாவெடுக்கும் முறையை அறிந்தவர் இதனைப் படித்து வியப்புறுவர். இடித்தல், கரைத்தல், வடித்தல், படியவைத்தல், உலர்த்தல் என்னும் ஐந்து தொழிலும் இரண்டிடத்தும் ஒன்றே. ஒருவரையொருவர் காணாத இரு மக்கள், கிழங்கின் இயல்பையும் நீரின் இயல்பையும் கூர்ந்து நோக்கி ஒரே வழியைக் கண்டனர். எழுத்தில் பதியப்படாத அறிவும் அறிவே என்பதனை இதனால் உணரலாம்.

இலையும் வீணாவதில்லை. ஜப்பான் நாட்டில் மே மாதம் 5ஆம் நாள் கொண்டாடப்படும் சிறுவர் விழாவின்போது அரிசிமாவுப் பணியாரத்தை ஓக் மர வகையொன்றின் இலையில் பொதிவர். அவ்விலை எளிதில் கிடைக்காத மேற்குப் பகுதிகளில், ஸ்மைலாக்ஸ் சைனாக் கொடியின் அகன்ற இலையைப் பயன்படுத்துவர். நம்மவர் வாழையிலையில் அடையைப் பொதிந்து அவிப்பதை இது நினைவூட்டும். மனிதரே அன்றி விலங்குகளும் பறவைகளும் இக்கொடியால் வாழ்கின்றன. மான்கள் இதன் தளிரை மேயும். குளிர்காலம் முழுதும் கொடியிலேயே தங்கும் கனிகள், வேறு இரை கிடைக்காத காலத்தில் பறவைகளுக்கு உணவாகும். முயல்கள் பகைவிலங்கிற்கு அஞ்சி முட்புதரினுள் புகுந்து உயிர் பிழைக்கும். மனிதரைத் தடுக்கும் முள்ளே முயலுக்கு அரணாகின்றது.

இக்கொடியின் மருத்துவ வரலாறு பெயர் மயக்கங்களோடு பின்னிக் கிடக்கின்றது. 16ஆம் நூற்றாண்டில் மேகப்புண் என்னும் தொற்றுநோய் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவியது. அதற்கு மருந்து தேடிய மருத்துவர், சீன நாட்டிலிருந்து வந்த ஸ்மைலாக்ஸ் கிழங்கைப் பெரிதும் நம்பினர். உடற்கூற்று நூலில் புகழ்பெற்ற வெசாலியஸ் 1546இல் அச்சீனக் கிழங்கைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். போர்ச்சுக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் கோவாவில் அச்சான தம் மருந்து நூலில் அதற்கென ஒரு பகுதி ஒதுக்கினார். அதே நூற்றாண்டில் வடமொழியில் பாவப்பிரகாசம் இயற்றிய பாவமிசிரரும் அதனைக் குறிப்பிட்டார். தமிழ் மருத்துவர் அதனைப் பறங்கிப்பட்டை என்று அழைத்துச் சூரணம் முதலியன செய்தனர்.

இப்பெயரைச் சற்றே ஆராய்வோம். பறங்கி என்னும் சொல் ஐரோப்பியரைக் குறிப்பது; பிராங்கியர் என்னும் இனப்பெயரின் திரிபு. பறங்கிக்காய், பறங்கிமலை என்னும் வழக்குகளிலும் அச்சொல் உண்டு. பறங்கியர் வாணிகத்தின் வழியே வந்தமையால் இப்பெயர் அமைந்தது என்பாரும், பறங்கியரோடு தொடர்புபடுத்தப்பட்ட நோய்க்கு மருந்தாதலின் அமைந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும் அப்பொருள் பறங்கியர் நாட்டில் விளைவதன்று, சீனத்தில் விளைவது. பட்டை என்கின்றோம், அது மரப்பட்டையும் அன்று, நிலத்தின் கீழ் வளரும் கிழங்கு. இரண்டு சொற்களாலாகிய பெயரில் இரண்டு சொற்களும் பொருளை நேரே காட்டவில்லை!

அமெரிக்க நாடுகளிலும் இத்தகைய மயக்கம் உண்டு. மெக்சிகோ முதலிய நாடுகளில் வளரும் ஸ்மைலாக்ஸ் இனங்களின் வேரைச் 'சார்சபரில்லா' என்பர். முட்புதர், சிறுகொடி என்னும் பொருளுடைய இரண்டு ஸ்பானியச் சொற்கள் கூடி அப்பெயர் ஆயிற்று என்பர். அவ்வேர் நீரில் நுரை எழுப்பும் இயல்புடையது. ஆதலின் மருந்தாக மட்டுமன்றிக் குளிர்பானமாகவும் பயன்பட்டது. ஆங்கிலேயர் நம் நாட்டிற்கு வந்து நன்னாரியைக் கண்டபோது, மணமும் பயனும் ஒத்திருத்தல் கருதி அதனை 'இந்தியச் சார்சபரில்லா' என்றனர். ஆயின் நன்னாரி முற்றிலும் வேறு குடும்பத்தது. அதன் தண்டை ஒடித்தால் பால் வடியும். அதற்கு முள்ளும் இல்லை, பற்றுக்கம்பியும் இல்லை. இலைகளும் எதிரெதிராக அமைந்தவை. கோடையில் நாம் பருகும் நன்னாரிச் சருபத்திற்கும் முட்கொடிக்கும் பெயரளவில் மட்டுமே உறவு. மலைத்தாமரை என்னும் பெயரும் அத்தகையதே. நீரில் மலரும் தாமரைக்கும் மலையில் ஏறும் முட்கொடிக்கும் எவ்வகை உறவும் இல்லை.

பெயர் பெரிதாயினும் பயன் அதற்கு ஒத்து இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. சீனக்கிழங்கும் சார்சபரில்லாவும் மேகப்புண்ணை அறவே தீர்க்கும் என்று மக்கள் சில நூற்றாண்டுகள் நம்பினர். பெரும் விலை கொடுத்து வாங்கினர். ஆயின் அவற்றால் அந்நோய் வேரறவில்லை. 1943இல் அமெரிக்க மருத்துவர் பெனிசிலின் என்னும் மருந்தை அந்நோய்க்குப் பயன்படுத்தி வெற்றி கண்ட பின்னரே உறுதியான தீர்வு பிறந்தது. பறங்கிப்பட்டை இன்றும் சித்த மருத்துவத்தில் பிற மருந்துகளோடு சேர்த்து வழங்கப்படுகின்றது. ஆயினும் கடையில் வாங்கிய கிழங்கையோ காட்டில் அகழ்ந்த கிழங்கையோ தகுதி பெற்ற மருத்துவரின் சொல்லின்றி உட்கொள்ளுதல் ஆகாது.

பச்சை முட்கொடியை வளர்க்கும் முறையையும் அறிந்துகொள்வோம். கனிந்த மணிகளைப் பிசைந்து சதையை நீக்கி விதைகளை எடுத்தல் வேண்டும். குளிர்நாட்டு இனங்களின் விதைகள் ஈரமும் குளிரும் பொருந்திய நிலையில் சில திங்கள் கிடந்த பின்னரே முளைக்கும். காட்டில் இவ்வேலையைக் குளிர்காலமே செய்கின்றது; வீட்டில் வளர்ப்போர் ஈரமணலில் விதைகளை வைத்துக் குளிர்ந்த இடத்தில் காப்பர். விதைத்த ஆண்டிலேயே முளைக்காது போதலும் உண்டு. ஆதலின் பொறுமை வேண்டும். கிழங்கையோ மட்டநிலத் தண்டையோ கணுவோடு பிரித்து நடுதல் எளிய முறை. ஈரம் தங்கும் மண்ணும், மென்னிழலோ வெயிலோ உள்ள இடமும், ஏறுதற்குக் கொழுகொம்பும் இருந்தால் போதும். கனி வேண்டுவோர் ஆண்கொடியும் பெண்கொடியும் அருகருகே அமையுமாறு நடுதல் வேண்டும்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 'ஜாக்சன் கொடி' என்னும் ஓரினத்தை வீட்டு வாயில்களில் படரவிடுவர். அதன் இலைகள் ஆண்டு முழுதும் பசுமையாகப் பளபளக்கும். மேல்தண்டில் முள் மிகக் குறைவு. திருமணத்திற்கும் திருநாளுக்கும் அதன் கொடிகளை அறுத்து அலங்கரிப்பர். நம்மவர் மாவிலைத் தோரணம் கட்டுவது போன்றது அவ்வழக்கம். முள் மிகுந்த இனங்களையோ நடைவழியின் அருகிலும் சிறுவர் விளையாடும் இடத்திலும் வளர்த்தல் நன்றன்று. தோட்டத்தின் புறவேலியே அவற்றுக்கு ஏற்ற இடம்.

ஒரு முறை வேரூன்றிய முட்கொடியை அழித்தல் எளிதன்று. தண்டை வெட்டினாலும், தீயிட்டு எரித்தாலும் நிலத்தின் கீழ் உள்ள பகுதி அழியாது நின்று, முன்னிலும் மிகுதியாகத் துளிர்க்கும். இது உழவர்க்குத் துன்பம் தருவதே. ஆயினும் கொய்து உண்பவர்க்கு இதுவே நற்பேறு. கொழுந்தை அளவோடு கொய்தால் கொடி மீண்டும் துளிர்க்கும். அடுத்த ஆண்டும் உணவு தரும். கிழங்கை முற்றும் அகழ்ந்து எடுத்தாலோ கொடி அவ்விடத்தில் அற்றுப்போகும். மருந்து வாணிகத்தின் பொருட்டுக் காட்டு வேர்களையும் கிழங்குகளையும் மிச்சமின்றித் தோண்டுதல் எங்கும் கேடு விளைப்பதாகும். ஒரு பங்கை எடுத்துப் பல பங்கை மண்ணிலேயே விட்டுவைத்தல் அறிவுடையார் செயல். நாளை வருபவர்க்கும் அக்காட்டில் உரிமையுண்டு என்பதனை மறத்தல் ஆகாது.

மாணவர்களே! இக்கொடியின் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? முள்ளைக் கண்டு வெறுத்தவர் மாவைப் பெறவில்லை. பெயரைக் கேட்டு நம்பியவர் பொருளைப் பெறவில்லை. கனியின் நிறத்தை மட்டும் கண்டவர் நஞ்சை உண்ண நேர்ந்தது. இலைக்காம்பின் அடியில் எழும் இரண்டு மெல்லிய கம்பிகளைப் பொறுமையோடு நோக்கியவரே உண்மையை அறிந்தனர். உங்கள் ஊர் வேலிகளிலும் கோவை, பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை முதலிய கொடிகள் படர்ந்திருக்கும். அவற்றின் அருகே செல்லுங்கள். தண்டு எவ்வாறு ஏறுகின்றது, பற்றுக்கம்பி எங்கே தோன்றுகின்றது, இலை எவ்வாறு அமைந்துள்ளது, பூவும் காயும் எத்தன்மையன என்று உற்று நோக்குங்கள். அறிந்த பெரியோரைக் கேட்டு ஐயம் தீருங்கள். ஐயம் தீராத எதனையும் வாயில் இடாதிருங்கள். கண்ணால் தேர்ந்து, அறிவால் துணிந்து, அதன் பின்னரே கையால் கொய்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. பச்சை முட்கொடியை இனங்காண உதவும் நான்கு அடையாளங்கள் யாவை?
2. முட்கொடியின் பற்றுக்கம்பிக்கும் செங்காந்தளின் பற்றுக்கம்பிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. கிழங்கிலிருந்து மாவெடுக்கும் முறையை உம் சொற்களில் எழுதுக.
4. 'பறங்கிப்பட்டை' என்னும் பெயர் பொருளை நேரே காட்டாமைக்குக் காரணம் கூறுக.
5. உம் ஊர் வேலியில் படர்ந்துள்ள கொடி ஒன்றைக் கண்டு, அதன் தண்டு, இலை, பூ, காய் ஆகியவற்றை விளக்கி ஒரு பக்கம் எழுதுக.